முதல் பத்து நிமிட மழை

கல்முனைக்குடியில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்த வருடமே வாப்பா செங்கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார். மாப்பிள்ளை பின்னால் ஒருநாள் பாயும் பெட்டியுமாக வந்து அதற்குள் குடியேறுவார். சண்டை சச்சரவு என்றால் வெளியே போகவேண்டியவரும் அவர்தான். அப்படியான ஊரில், பெண்சாதி வெளியே போய்விட, மாப்பிள்ளை மட்டும் அவளுடைய வீட்டுக்குள் தனியே நான்கு வருடமாக உலை வைத்துக்கொண்டிருந்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"காலிதீன் காக்கா, ஊட்டுக்காரி இல்லாத ஊட்டுக்கு ரெண்டு மீன் என்னத்துக்கு?" என்பான் மீன் கொண்டுவரும் ஜெமீல், சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு.

"ஒண்டு எனக்கு. ஒண்டு பூனைக்கு."

"பூனையுமா தனிய இருக்கு?"

"அதுக்கும் பொஞ்சாதி பொத்துவிலுக்குப் போயிட்டுது. நீ மீனைப் போடு."

சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். பிறகு இரண்டு மீனையும் அவரே ஆய்ந்து, ஒன்றைக் கறிவைத்து, மற்றதைப் பொரித்து, இரண்டிலும் உப்பைக் கூட்டிவிட்டு, யாரிடமும் குறைசொல்ல முடியாமல் தின்பார்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் பெண்சாதி ஆசியா உம்மாவை வீட்டைவிட்டு எழுப்பியது புகை. அவர்களுடைய வேலிக்கு மேற்கே ஷரிபுதீன் ஹாஜியாரின் நெல் ஆலை. நெல் அவிக்க அங்கே உமிதான் விறகு. முன்பு ஆலைக்கு அறுபதடியில் ஒரு புகைக்கூண்டு இருந்தது. புகை வீடுகளுக்கு மேலால் போய்விடும். எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளி அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. கூண்டு கடலுக்குள் நிமிர்ந்து நின்று புகை விட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம்செய்ய மூன்று கரைவலைக்காரர் இருந்தார்கள். ஹாஜியார் கடலில் போய்த் தேடவில்லை. கையில் கிடைத்த தகரக் குழாயொன்றை வீட்டுக் கூரை உயரத்துக்கு நட்டு ஆலையை ஓடவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கோழி வாங்கினால் ஒரு மாதத்தில் கறுப்புக் கோழியாக விற்கலாம் என்ற நிலை. காகங்கள் மட்டும் குறையொன்றும் சொல்லவில்லை.

ஆசியா உம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு. மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழி தேடும். எழுபத்தொன்பது பங்குனியில், பெரும்போக நெல் மலைபோல் வந்து ஆலை ஓயாமல் ஓடிய மாதத்தில், டொக்டர் சொல்லிவிட்டார்: மருந்து வேண்டாம், இடம் மாறுங்கள். பொத்துவிலில் கடற்கரையோரம் அவளுடைய தங்கை ஸகியா தனியே இருந்தாள், கைம்பெண். அங்கே போனாள். போன கிழமையே குறட்டை விட்டுத் தூங்கினாளாம்.

காலிதீனும் கூடப் போயிருக்கலாமே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். ஊர்க்காரர் கேட்கமாட்டார்கள். பெண்சாதியின் தங்கை, அதுவும் புருஷனில்லாதவள் இருக்கிற கூரையின்கீழ் மச்சான் எப்படிப் படுப்பது? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போவார். முற்றத்தில் கதிரை போடுவார்கள். தேத்தண்ணீர் வரும். முப்பது வருடம் ஒரு பாயில் கிடந்தவளிடம் விருந்தாளிபோலச் சுகம் விசாரித்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்புவார். திரும்பி வந்து வீட்டைத் திறக்கும்போது ஒரு வெறுமை முகத்தில் அடிக்கும். அதற்கும் உமிக்கரி வாசம்தான்.

அவருடைய உத்தியோகம் நீர்ப்பாசனக் கந்தோரில் காவல். அதோடு மழை அளக்கும் வேலையும். சூறாவளியில் கந்தோர் வளவு சிதைந்தபோது மழைமானியைத் தற்காலிகமாக அவருடைய முற்றத்தில் நட்டார்கள், தற்காலிகம் வேரூன்றிவிட்டது. காலை எட்டரைக்குத் தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். பெய்யாத நாளிலும் 'இல்லை' என்று எழுதவேண்டும். வருடத்தில் இருநூற்றைம்பது நாள் அந்தப் பெரிய வீட்டின் முற்றத்தில் நின்று 'இல்லை' என்று எழுதினார்.

எண்பத்தொன்று புரட்டாதியில் ஒருவர் தேடி வந்தார். பூபாலசிங்கம், ஊர் காரைதீவு, படிப்பிப்பது மலைநாட்டுக் கம்பஸ் ஒன்றில். கையில் ஒரு பெட்டி. அதற்குள் வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்களும் ஒரு புனலும்.

"காக்கா, மழைக்குள்ள என்ன கிடக்கெண்டு பாக்கப்போறம்."

"தண்ணி கிடக்கு, தம்பி."

"தண்ணிக்குள்ள?"

"ஈரம்."

பூபாலசிங்கம் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பும்போது வெள்ளைக் காற்சட்டையின் பின்புறத்தில் கதிரையின் படம் கரியில் விழுந்திருந்தது.

"இதுதான் காக்கா விஷயம்," என்றார் அதைத் தட்டிக்கொண்டு. "பின்னேரத்தில மேல் வட்டை வயல் பக்கம் முகில் கோட்டை மாதிரிக் கட்டுமே, அது சும்மா நிக்கிறல்ல. கீழ இருக்கிற காத்தைச் சுருட்டுக்காரன்மாதிரி உறிஞ்சும். காத்தோட புகை, தூசி, கரி எல்லாம் மேல ஏறும். மேல குளிர். ஒரு கரிப்பொடியைச் சுத்தி ஈரம் பிடிச்சித்தான் துளி ஆகிற. துளி பெருத்து விழக்குள்ள வழியில நிக்கிற புகையையும் வாரிக்கொண்டு வரும். நல்ல இடிமழை ஒண்டு பேஞ்சா ஊர்க் காத்தைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி."

"கழுவுப்படாத மிச்சம்?"

"அது முகிலின்ட உச்சியால வெளிய போகும். முகில் மேல தட்டையா விரியிறதைக் கண்டிருப்பீங்க. அங்க காத்து வேகம். நூறு மைல், இருநூறு மைல் போய் ஆரின்டயோ தலையில இறங்கும்."

காலிதீன் தெற்கே வானத்தைப் பார்த்தார்.

"பொத்துவிலுக்கும் போகுமா, தம்பி?"

"பொத்துவில் என்ன, பர்மாவுக்கும் போகும்."

அது அவரைப் பிடித்துக்கொண்டது. புகைக்குப் பயந்து நாற்பத்தைந்து மைல் ஓடினாள். புகையோ பஸ்ஸும் பிடிக்காமல் ஆகாயத்தால் போய் அவள் தலைக்குமேல் நிற்கிறது. தனக்கில்லாத வசதி. ஹாஜியாரின் கரிக்கு மச்சி வீடு, கைம்பெண் வீடு என்ற யோசனை கிடையாது.

வேலை இலேசானது. மழை தொடங்கும்போது போத்தலின் புனலைத் திறக்கவேண்டும், விட்டதும் மூடவேண்டும், தேதி எழுதிப் பெட்டியில் அனுப்பவேண்டும். மழைக்குள் இருக்கிற கரியையும் அமிலப் புளிப்பையும் அங்கே அளந்து எழுதுவார்கள்.

"அளந்து கரி கூடவெண்டா?" என்று கேட்டார் காலிதீன்.

"கூடவெண்டா கூட எண்டு எழுதுவம். குறைய எண்டா இந்தக் காத்து நல்ல காத்து எண்டு எழுதுவம்."

நல்ல காற்று என்று எழுத்தில் வந்தால் ஆசியாவுக்குக் காட்டலாம். கெட்டது என்று வந்தால் ஹாஜியாருக்குக் காட்டலாம். எப்படி வந்தாலும் அவள் வீட்டுக்கு வர ஒரு வழி திறக்கும் என்று அவர் கணக்குப் போட்டார்.

அந்த மாரி முழுவதும் காலிதீன் ஒரு மழையைத் தவறவிடவில்லை. தொழுகைக்கு வுளு எடுக்கும் கவனத்தோடு செய்தார். அந்தக் கவனம்தான் கெடுத்தது.

அந்தக் கரையில் எந்த வீட்டிலும் மழைத்தண்ணீர் பிடிக்கிற முறை ஒன்று. வானம் இருண்டதும் கிடாரத்தைக் கூரைப் பீலியின்கீழ் வைப்பார்கள். முதலில் வருவது கூரையையும் வானத்தையும் கழுவின தண்ணீர், அது மரத்துக்கு. அதிலேயே கிடாரத்தை மூன்றுதரம் அலசி ஊற்றுவார்கள். பத்து நிமிடம் கழித்து வருவதுதான் வாய்க்கு. பிறந்ததிலிருந்து கண்ட முறையை ஒருவர் யோசித்துச் செய்வதில்லை. படித்த மனிதர் ஒருவருக்கு ஊர் மழையை அனுப்பும்போது அழுக்குத் தண்ணீரையா அனுப்புவது? காலிதீன் ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிடத் தண்ணீரால் போத்தலை மூன்றுதரம் அலசி வாழையடியில் ஊற்றிவிட்டு, பிறகு பெய்த பளிங்குத் தண்ணீரைப் பிடித்து, மூடி, தேதி எழுதினார்.

மாசியில் கடிதம் வந்தது. தட்டச்சில், முத்திரை குத்தி. 'தங்கள் நிலையத்து மழைநீர் எமக்குக் கிடைத்த மாதிரிகளில் மிகத் தூய்மையானவற்றுள் ஒன்று. திறந்த கடலின்மேல் பெய்யும் மழைக்கு ஒப்பானது.'

காலிதீன் கொண்டுபோய்க் காட்டிய கடிதத்தை ஹாஜியார் இரண்டுதரம் வாசித்தார். பிறகு ஆலையில் நெல் அவித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு மூன்றாந்தரமும் வாசித்தார்.

"கேட்டியளா? கடலுக்குச் சமன். காலிதீன், நீ என்னத்துக்கு இன்னும் மீனுக்கு உப்புக் கூட்டித் தின்னுறா? கூட்டிக்கொண்டு வா ஊட்டுக்காரியை. என்ட ஆலை குடும்பம் பிரிச்சதெண்டு ஊர் கதைக்குது."

கருவாடும் மாசிமீனும் போட்டு ஒரு பொட்டலம் கட்டி, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு காலிதீன் பொத்துவிலுக்குப் போனார். கதிரை போட்டார்கள். தேத்தண்ணீர் வந்தது.

ஆசியா உம்மா கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "காத்துச் சுத்தமெண்டு போட்டிருக்கா?"

"மழை சுத்தமெண்டு போட்டிருக்கு. காத்தைக் கழுவித்தானே மழை வாற. கழுவின தண்ணி சுத்தமெண்டா காத்தும் சுத்தம்தானே."

"முத்திரையும் குத்தியிருக்கு."

"ஓம்."

"அப்பச் சரி. முத்திரை குத்தின காத்து," என்றாள். அவளுக்கு நம்பிக்கை இல்லை என்பது அவருக்கு விளங்கியது. ஆனால் உள்ளே போய் உடுப்பை மடிக்கத் தொடங்கினாள். ஸகியா வாசலில் நின்று, "ராத்தா, ஆலை ஓடுற மாசம்கா," என்றாள். "பாப்பம்," என்றாள் ஆசியா உம்மா.

பங்குனி முதல் கிழமை. வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. இலை அசையவில்லை. ஆனாலும் அந்த மூன்று நாளும் வீட்டில் சத்தம் இருந்தது. மிளகுப் போத்தலை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு சத்தம். இது சட்டியா, தார்ப் பீப்பாவா என்று ஒரு சத்தம். காலிதீன் தேவையில்லாமல் பொருட்களை ஒளித்துவைத்தார், அவள் கேட்கட்டும் என்று.

நாலாம் நாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்தாள். உதடு நீலமாயிற்று. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ஆலை லொறியின் முன் இருக்கையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹாஜியாரே ஓட்டினார், ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல். ஒரு நாள் முழுக்க அவளால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் கட்டிலின் தலைமாட்டில் நின்ற காலிதீனைப் பார்த்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள்:

"அந்தக் கடிதத்தை... ஆலைக்கும் ஒருக்கா... வாசிச்சிக் காட்டியிருக்கலாம்."

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஸகியா அவளைப் பொத்துவிலுக்குக் கூட்டிப்போனாள். உடுப்புப் பொட்டலத்தை எடுக்கக்கூட வீட்டுக்கு வரவில்லை.

ஆறு மாதம் காலிதீனுக்கு ஒன்று விளங்கவில்லை. கம்பஸ் பொய் சொல்லுமா? போத்தல் பொய் சொல்லுமா? அவளுடைய நெஞ்சு பொய் சொல்லுமா? மூன்றும் சொல்லாதென்றால் பொய் எங்கே இருக்கிறது?

பூபாலசிங்கம் மறுபடி புதுப் போத்தல்களோடு வந்தார். அன்று மழையில்லை. "எப்படிப் பிடிக்கிறீங்க காக்கா, ஒருக்கா செய்துகாட்டுங்க," என்றார். காலிதீன் வாளித் தண்ணீரை மழையாக வைத்துக்கொண்டு செய்துகாட்டினார். திறந்தார். பிடித்தார். அலசினார். ஒன்று, இரண்டு, மூன்று. வாழையடிக்குப் போய் ஊற்றினார். திரும்பி வந்து, "இனித்தான் நல்ல தண்ணி," என்றார்.

பூபாலசிங்கம் வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, நாங்க தேடினதையெல்லாம் நீங்க இந்த வாழைக்குக் குடுத்துட்டீங்க."

காலிதீன் கதிரையில் உட்கார்ந்தார்.

"காத்திலயிருக்கிற கரியில கூடுதலானது முதல் பத்து நிமிஷத்திலதான் இறங்கும். பிறகு வாறது அலசின கோப்பையை அலசிற தண்ணி. கோவம் இல்ல காக்கா. பிழை எனக்கு. எப்படி எண்டு நான் முதலே கேட்டிருக்கவேணும்."

பெரிய மனதோடு சொன்னார். காலிதீனுக்கு அது கேட்கவில்லை. நீல உதடு ஒன்று கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆலைமேல் ஆறு மாதமாக வைத்திருந்த கோபத்தைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

அவளுக்கு எழுதினார். எழுதிக் கிழித்து, மறுபடி எழுதினார். முடிவில் மூன்று வரிதான் மிஞ்சியது: முதல் தண்ணீரை ஊற்றிவிட்டேன், கடிதம் சொன்னது இரண்டாம் தண்ணீரைப் பற்றி, நீ வந்தது என் பிழையால்.

பத்து நாளில் பதில் வந்தது. ஆசியா உம்மாவின் கையெழுத்து, அரிசியில் கல் பொறுக்குகிறமாதிரி ஒவ்வொன்றாக.

'ஊத்தினது ஒங்கட பிழை. வந்தது என்ட ஆசை. ரெண்டையும் ஒண்டாக் கட்டாதீங்க. ஆனா இனி ஒங்கட சொல்லுக்கு வரமாட்டன்.'

ஐப்பசி நடுவில் முதல் இடிமழை வந்தது. பகல் முழுக்க வேர்த்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்கே கறுப்புச் சுவர் எழும்பியது. அதற்கு மேல் வெள்ளைக் கோட்டை. கோட்டைக்கு மேல் தட்டையாகக் கடல்பக்கம் நீளும் ஒரு கூரை. கீழ்க்காற்று மெல்ல மேற்கே ஓடத் தொடங்கியது. ஆலைக் குழாயின் புகை, எப்போதும் அவருடைய வேலிமேல் விழுந்து கிடப்பது, அன்று கூப்பிட்ட பிள்ளைபோல எழும்பி முகிலை நோக்கிப் போனதை அவர் முற்றத்தில் நின்று கண்டார். பிறகு காற்று திரும்பிக் குளிராக முகத்தில் அறைந்தது. மழை விழுந்தது.

ஆறு போத்தலைப் பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் திறந்தார். முதலாவது தேயிலைச் சக்கைத் தண்ணீர்மாதிரி. இரண்டாவது வைக்கோல் நிறம். மூன்றாவதிலிருந்து, பின்னால் பிடித்த எழுத்தை வாசிக்கலாம். வரிசையாகத் தூக்கிக்கொண்டு ஹாஜியாரிடம் போனார்.

ஹாஜியார் ஆறையும் பார்த்தார். "இதில என்ட கரி எத்தனை, ஊர் அடுப்புக் கரி எத்தனை?"

"கம்பஸாலயும் பிரிச்சிச் சொல்ல ஏலாதாம்."

"பின்ன? மழை வந்து சும்மா கழுவிக்கொண்டு போகுதே, அல்லாட கிருபை. குழாயை உசத்தினா புகை அங்கால போய் அம்பாறைக்காரன் வந்து கத்துவான்." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, "முட்டு இப்ப எப்படி?" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. குழாயும் உயரவில்லை.

மழைக்கு மறுநாள் காலை காலிதீன் மழைமானியைப் பார்க்க வெளியே வந்தார். மேற்கே தூரத்து மலைகள், யாரோ இழுத்து வந்து வயலோரம் வைத்துவிட்டதுபோல நின்றன. முருங்கைப் பூ மணத்தது. அந்த மரத்துக்கு மணம் இருப்பதே அவருக்கு மறந்திருந்தது. மூச்சை இழுத்தார். தொண்டையில் எதுவும் தட்டவில்லை.

அன்றைக்குக் கொடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். ஒவ்வொரு காலையும் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நாலாம் நாள் ஒரு கரிப்புள்ளி. புதுத் துணி கட்டினார். அடுத்த மழை. பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி திறந்தார்: இத்தனை மில்லிமீற்றர், இத்தனை நாள் வெள்ளை. கார்த்திகை பிறந்து மழை அடுக்கடுக்காக வந்தபோது, ஆலைக்கும் நெல் இல்லாமல் அடுப்பு அணைந்துகிடந்தபோது, துணி கறுக்கவேயில்லை. தபாலட்டையில் அதை மட்டும் எழுதி அனுப்பினார். 'நேற்று 62. துணி வெள்ளை.' 'நேற்று 18. துணி வெள்ளை.' வா என்று எழுதவில்லை. எழுதும் உரிமை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

பதினோராவது அட்டைக்குப் பிறகு, தூறலுக்குள், ஆசியா உம்மா ஒரு சின்னப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நேரே கொடிக்குப் போய்த் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் வீட்டுக்குள் கால் வைத்தாள்.

"ஒங்கட சொல்லுக்கு வரல்ல," என்றாள்.

"இல்ல. துணிட சொல்லுக்கு."

முப்பத்தெட்டு நாள் இருந்தாள். பையை முழுதாக அவிழ்க்கவில்லை. தேவையானதை எடுத்து, துவைத்துக் காயவைத்து, திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள். மழைக்குள் அவளுடைய மூச்சுச் சத்தமில்லாமல் போய் வந்தது. காலிதீன் அதைப் பதிவேட்டில் எழுதக்கூடியதாக இருந்தால் எழுதியிருப்பார். ஜெமீல் கேட்காமலே மூன்று மீன் போட்டான்.

தை நடுவில் மழை நின்றது. முதல் வட்டை வயல் அறுவடையாகி ஆலைக்கு ஒரு ட்ரக்டர் நெல் வந்திறங்கியது. மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை. நாலாம் நாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுக் கொடியடிக்குப் போனவர், துணியில் புள்ளிகளைக் கண்டார். ஏழு. எள்ளுப்போலச் சின்னது. விரலால் தொட்டால் இழுபட்டுப் பெருக்கும். உதறினால் ஒருவேளை விழுந்துவிடும். புதுத் துணி கைக்கெட்டிய தூரத்தில் மடித்துக் கிடந்தது. மாற்றிக் கட்டினால் இன்னும் ஒரு நாள், அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு நாள் யாருக்கும் தெரியாது. உள்ளே ஆசியா உம்மா அடுப்படியில் ஏதோ பாட்டாகச் சலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இழுப்பு எதுவும் இல்லை.

காலிதீன் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். பிறகு துணியைக் கொடியிலிருந்து கவனமாக, உதறாமல், கரி ஒன்றும் விழாமல் அவிழ்த்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போய் அவளுக்கு முன்னால் விரித்தார்.

அவள் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"பொத்துவில் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்கு ஒண்டு இருக்கு."

"அப்ப பிட்டை அவிச்சி வெச்சிட்டுப் போறன்," என்றாள் ஆசியா உம்மா. "ரெண்டு நாளைக்கு வரும்."